‘கூழாங்கல்’ திரைப்படத்தில் பாலை: உணர்வின் வாய்மையும் காட்சியின் அழகும்

ஆய்வுச் சுருக்கம்

பி.எஸ். வினோத்ராஜ் எழுதி இயக்கிய ‘கூழாங்கல்’ (2021), தமிழில் வெளிவந்த சுயாதீனத் திரைப்படங்களுள் பன்னாட்டு அளவில் அறியப்பெற்ற ஒன்றாகும். உணர்வில் வாய்மையும் காட்சியில் அழகும் உடைய படம் என்று இது பாராட்டப்படுகிறது. இவ்விரண்டையும் தனித்தனிச் சிறப்புகளாகப் பட்டியலிடும் போக்கு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. தொல்காப்பியம் கூறும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள், மெய்ப்பாடு, இறைச்சி ஆகிய கருத்தாக்கங்களின் துணையோடு இப்படம் இங்கு ஆராயப்படுகிறது. படத்தின் காட்சியழகு அதன் உணர்வின் மேல் பூசப்பட்ட ஒப்பனையன்று, அவ்வுணர்வைச் சொல்லும் மொழியே அதுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. பாலை மரபிலிருந்து இப்படம் விலகும் இடங்களும் சுட்டப்பெறுகின்றன.

கலைச்சொற்கள்: சுயாதீனத் திரைப்படம், பாலை, மெய்ப்பாடு, இறைச்சி, சட்டகம், நெடுங்காட்சி.

முன்னுரை

திரைப்படத்தை இலக்கியக் கோட்பாட்டின் வழி அணுகும் ஆய்வுகள் பெரும்பாலும் கதையோடு நின்றுவிடுகின்றன. கதைமாந்தர், கதைக்கரு, சமூகச் செய்தி ஆகியவற்றைத் தொகுத்துரைத்தபின் ஒளிப்பதிவும் இசையும் இறுதிப் பத்தியில் ஒரு வரியில் போற்றப்படுகின்றன. இம்முறை நாவலுக்கும் திரைப்படத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கருத்தில் கொள்வதில்லை. உரையாடல் மிகக் குறைவாகவும் நடை மிக நீண்டதாகவும் உள்ள ‘கூழாங்கல்’ போன்ற படத்தில் இந்த அணுகுமுறை தன் எல்லையை உடனே எட்டிவிடுகிறது. அதன் கதையைச் சில தொடர்களில் சொல்லிவிடலாம். படம் பார்ப்போர் பெறும் பட்டறிவோ அத்தொடர்களில் இல்லை.

2021 பிப்ரவரியில் ரோட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பெற்ற இப்படம், அவ்விழாவின் உயரிய விருதான டைகர் விருதைப் பெற்றது. 94ஆவது அகாடமி விருதுகளில் பன்னாட்டுத் திரைப்படப் பிரிவிற்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பெற்றது. விக்னேஷ் சிவன், நயன்தாரா ஆகியோரின் ரௌடி பிக்சர்ஸ் நிறுவனம் இதனை வெளிக்கொணர்ந்தது. 2023 அக்டோபரில் இணையத் திரைத் தளத்தில் வெளியானது. ஒளிப்பதிவு விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன். படத்தொகுப்பு கணேஷ் சிவா. இசை யுவன் சங்கர் ராஜா. இயக்குநருக்கு இதுவே முதற்படம்.

கதைப்பின்னல்

மதுக்குடிக்கும் சினத்திற்கும் ஆட்பட்ட கணபதி, தன் கொடுமை பொறுக்காது தாய்வீடு சென்றுவிட்ட மனைவி சாந்தியை மீட்டுவரப் புறப்படுகிறான். பள்ளியிலிருக்கும் மகன் வேலுவையும் வெளியே அழைத்து உடன் இழுத்துச் செல்கிறான். பேருந்தில் பூசல், மாமனார் வீட்டில் கைகலப்பு எனப் பயணம் நீள்கிறது. சாந்தி அங்கிருந்து முன்பே புறப்பட்டுவிட்டாள். திரும்பும்போது வேலு பேருந்துக்கான பணத்தைக் கிழித்தெறிகிறான். தந்தையும் மகனும் கடும் வெயிலில் 13 கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்புகின்றனர். ஒரே நாளில், ஏறத்தாழ 75 நிமிடங்களில் படம் முடிந்துவிடுகிறது. கணபதியாகக் கருத்தடையானும் வேலுவாகச் செல்லப்பாண்டியும் நடித்துள்ளனர்.

இக்கதையின் தோற்றுவாய் இயக்குநரின் குடும்பத்தில் உள்ளது. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தம் உடன்பிறந்தாள் குழந்தையைச் சுமந்துகொண்டு நெடுந்தொலைவு நடந்தே தாய்வீடு வந்ததை அவர் நேர்காணல்களில் பகிர்ந்துள்ளார். படம் அந்நிகழ்வை அப்படியே எடுத்துரைக்கவில்லை. பெண் நடந்த அதே வெயிலில் ஆணை நடக்க வைக்கிறது. இத்திருப்பமே படத்தின் அறநிலைப்பாட்டைத் தீர்மானிக்கிறது. துன்புற்றவளைக் காட்டி இரக்கம் கோருவதை விடுத்து, துன்புறுத்தியவனை அத்துன்பத்தின் நிலத்தில் இறக்கிவிட்டு அவன் என்ன ஆகிறான் என்பதைப் படம் கூர்ந்து நோக்குகிறது.

பாலை: நிலமும் நிலையும்

தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் வகுத்து, பாலைக்குத் தனி நிலம் கூறாது பொழுதை மட்டும் வகுக்கிறது. நண்பகலும் வேனிலும் அதற்குரியன. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், பிற நிலங்கள் வெப்பத்தால் தம் இயல்பை இழக்கும்போது தோன்றுவதே பாலை என்னும் விளக்கத்தைத் தருகிறான். ஆகவே, தமிழ் மரபில் பாலை என்பது ஓர் இடத்தின் பெயர் என்பதைவிட ஓர் இடம் அடையும் நிலையின் பெயர் எனக் கொள்வது பொருந்தும்.

‘கூழாங்கல்’ படமாக்கப்பெற்ற அரிட்டாபட்டி மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகில் உள்ளது. மாங்காட்டு மறையோன் கூறும் வழிகளுள் ஒன்று திருமால்குன்றத்தின் வழியே செல்கிறது. அக்குன்றம் இன்றைய அழகர்மலை என ஆய்வாளர் கொள்வர். அரிட்டாபட்டியும் அம்மலைக்கு அண்மையிலேயே அமைந்துள்ளது. தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரையும் கொண்ட இவ்வூர்ப் பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஏரிகளும் சுனைகளும் பலவகைப் பறவைகளும் உள்ள பகுதி என்பதே அவ்வறிவிப்பிற்குக் காரணம்.

சுனைகள் உள்ள பகுதியைப் படம் ஏன் நீரற்ற வெளியாகக் காட்டுகிறது என்னும் வினா இங்கு எழும். படம் அந்நிலத்தின் முழு ஆண்டையும் காட்டவில்லை. ஒரு வேனில் நாளின் நண்பகலை மட்டும் காட்டுகிறது. முதற்பொருளில் நிலத்தைவிடப் பொழுதே இங்கு ஆட்சி செலுத்துகிறது. நிலத்தின் இந்நிலை கணபதியின் இல்வாழ்க்கைக்கும் பொருந்தும். அது தொடக்கத்திலிருந்தே வறண்டது என்று படம் எங்கும் கூறவில்லை. மனைவி, இரு குழந்தைகள், வீடு ஆகிய அனைத்தும் உள்ள குடும்பம் இயல்பு திரிந்து நிற்கிறது. நிலத்தின் திரிபும் இல்லறத்தின் திரிபும் ஒரே சட்டகத்தில் வைக்கப்படும்போது, வெயில் சூழலாக மட்டும் நில்லாது உரிப்பொருளாகிய பிரிவோடு கலந்துவிடுகிறது.

நடையும் சட்டகமும்

இப்படத்தின் காட்சியமைப்பில் இருவகைப் பார்வைகள் மாறிமாறி வருகின்றன. ஒன்று, நடப்பவரின் பின்னாலேயே செல்லும் கேமரா. கணபதியின் முதுகும் வேகமான அடிகளும் சட்டகத்தை நிரப்புகின்றன. அவன் முகம் நெடுநேரம் மறைந்தே இருக்கிறது. மற்றொன்று, மிகத் தொலைவிலிருந்தோ மேலிருந்தோ காணும் சேய்மைக் காட்சி. அதில் தந்தையும் மகனும் பரந்த மண்வெளியில் இரு சிறு புள்ளிகளாகின்றனர்.

முதல்வகைப் பார்வை சினத்தை உடலின் இயக்கமாகக் காட்டுகிறது. கணபதி ஏன் சினங்கொள்கிறான் என்பதற்கு முன்கதையோ விளக்கமோ தரப்படவில்லை. முகத்தின் அண்மைக் காட்சி இருந்திருப்பின் பார்வையாளர் அதில் காரணத்தைத் தேடியிருப்பர், ஒருவேளை இரக்கமும் கொண்டிருப்பர். முதுகைக் காட்டும் சட்டகம் அவ்வாய்ப்பை மறுக்கிறது. வேலுவின் உயரத்திலிருந்து காண்போர்க்கு ஒரு சினந்த தந்தை எப்படித் தோன்றுவானோ அப்படியே அவன் தோன்றுகிறான்: பற்றிக்கொள்ள முடியாத வேகமும் திரும்பிப் பார்க்காத முதுகுமாக.

இரண்டாம்வகைப் பார்வை அச்சினத்தின் அளவைக் குறைக்கிறது. பேருந்திலும் மாமனார் வீட்டிலும் பேருருவாய்த் தோன்றியவன் வெட்டவெளியில் சிற்றுருவாகிறான். அவனது உரத்த குரலைக் கேட்க அங்கு ஒருவருமில்லை. இச்சேய்மைக் காட்சிகள் கண்ணுக்கு அழகானவை என்பதில் ஐயமில்லை. அவ்வழகு கணபதியின் ஆண்மைச் செருக்கை எள்ளி நகையாடாமலே சிறிதாக்கிக் காட்டும் பணியைச் செய்கிறது. காட்சியழகு இங்கு ஒரு தீர்ப்பாகவே செயற்படுகிறது.

நெடுங்காட்சிகளின் பயனும் இதனோடு இணைந்தது. வெட்டின்றி நீளும் நடையில் காலம் சுருக்கப்படுவதில்லை. நடையின் களைப்பைப் பார்வையாளரும் ஓரளவு தாங்க வேண்டியுள்ளது. பின்னணி இசை மிகச் சிக்கனமாகவே பயன்படுத்தப்பட்டுள்ளமையால் காலடியோசையும் காற்றும் முன்னிலை பெறுகின்றன. எந்த இடத்தில் எதை உணர வேண்டும் என்று இசை கட்டளையிடாதபோது, உணர்வு பார்வையாளரிடம் தானாக எழுகிறது. உணர்வின் வாய்மை என்று திறனாய்வாளர் குறிப்பிடுவது இத்தகைய மறுப்புகளின் விளைவேயாகும்.

மெய்ப்பாட்டு நோக்கில் தந்தையும் மகனும்

மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலப்படுதல். சொல் குறைந்த இப்படத்திற்கு அது பொருத்தமான அளவுகோலாகும். தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நான்கு இங்கு முதன்மை பெறுகின்றன.

கணபதியின் வெளிப்படை மெய்ப்பாடு வெகுளி. உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொலை ஆகியவற்றை வெகுளியின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறுகிறது. இவை பிறர் இழைக்கும் தீங்கினால் ஒருவனுக்குச் சினம் பிறக்கும் இடங்கள். கணபதியிடமோ இது தலைகீழாக உள்ளது. தன் குடிக்குக் கேடு செய்பவனும் தன் மக்களை அலைப்பவனும் அவனே. ஆயினும் தீங்கிழைக்கப்பட்டவனைப் போலவே அவன் சினங்கொள்கிறான். இம்முரணே அவனைப் பற்றிய மிகக் கூர்மையான உண்மை.

அவ்வெகுளியின் அடியில் இளிவரல் உள்ளது. வருத்தமும் எளிமையும் இளிவரல் பிறக்கும் இடங்களுள் அடங்குவன. மனைவியைத் தன்னிடம் இருத்திக்கொள்ள இயலாதவன், அவளுடைய ஊரார் முன் தாழ்வுற்றவன், பேருந்துக்கும் வழியற்று நடப்பவன் என அவன் எளிமை அடுக்கடுக்காக வெளிப்படுகிறது. எனினும் இளிவரலைக் காட்டி வெகுளியை மன்னிக்கச் சொல்லும் வழக்கமான உத்தியைப் படம் கையாளவில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

வேலுவிடம் முதலில் காணப்படுவது அச்சம். அச்சம் பிறக்கும் நான்கனுள் ஒன்றாகத் தொல்காப்பியம் ‘இறை’யைக் கூறும். தன்மேல் ஆணை செலுத்துவோர் என அதற்குப் பொருள் கொண்டால், தந்தையும் அதனுள் அடங்குவான். ஆனால் வேலு அச்சத்தில் உறைந்துபோகவில்லை. பணத்தைக் கிழிப்பது அச்சத்தின் ஊடே பிறந்த எதிர்ப்பு. அடி விழும் என்று அறிந்தே அவன் அதைச் செய்கிறான். தாயை நோக்கிச் செல்லும் தந்தையின் வேகத்தைத் தடுக்க ஒரு சிறுவனிடம் உள்ள ஒரே வழி அதுவாக இருந்தது.

வேலுவின் இரண்டாவது மெய்ப்பாடு மருட்கை. புதுமை, பெருமை ஆகியவற்றோடு சிறுமையும் வியப்பிற்குக் காரணமாகும் எனத் தொல்காப்பியம் கூறுவது இங்கு எண்ணத்தக்கது. மிகச் சிறியதும் மனத்தை நிறுத்தும் என்பதே அதன் கருத்து. உடைந்த கண்ணாடித் துண்டு, நாய்க்குட்டி, கூழாங்கல் என வேலுவின் கவனம் சிறியவற்றின்மேல் நிலைகொள்கிறது. தந்தையின் கண்ணுக்கு வழி மட்டுமே தெரிகிறது. மகனின் கண்ணுக்கு வழியில் உள்ளவையும் தெரிகின்றன. கேமராவும் அவற்றின்மேல் தங்கி, மகனின் பக்கம் நிற்பதைப் புலப்படுத்துகிறது.

கருப்பொருளும் இறைச்சியும்

பாலைப் பாடல்களில் விலங்குகளின் அன்பு நிகழ்ச்சிகள் இடம்பெறுவதைத் தமிழாய்வாளர் நன்கறிவர். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாடலில், பிடியின் பசி தீர்க்க மரத்தின் பட்டையை உரிக்கும் களிறு வருகிறது. தலைவி வருந்தும்போது இத்தகைய அன்புக் காட்சிகளைச் சுட்டுவது அவளை ஆற்றுவிக்கும் என்பது தொல்காப்பியப் பொருளியலின் கருத்து. வெம்மையின் நடுவே அன்பு அழியவில்லை என்று இறைச்சி உணர்த்துகிறது.

‘கூழாங்கல்’ இம்மரபைப் பின்பற்றியது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அதே தேவையிலிருந்து அதே தீர்வு இங்குப் பிறந்துள்ளது. வெயிலில் கிடக்கும் நாய்க்குட்டியை வேலு எடுத்துச் செல்கிறான். அன்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தான் அடைய வேண்டிய பரிவை அச்சிறுவன் தன்னினும் சிறிய உயிருக்கு அளிக்கிறான் என்பது காட்சிக்குப் புறத்தே தோன்றும் பொருள். வழியில் எலி வளைகளில் புகையிட்டு எலி பிடித்துச் சுட்டுண்ணும் குடும்பத்தின் காட்சியும் இவ்வகையினதே. கதைக்கு நேரடித் தொடர்பில்லாத அக்குடும்பத்தைக் கேமரா பொறுமையுடன் நோக்குகிறது. அவர்களுக்கும் அதே வெயில், அதே வறுமை. ஆயினும் அவர்கள் கூடி உழைத்துக் கூடி உண்கின்றனர். வறுமையே கணபதியின் கொடுமைக்குக் காரணம் என்னும் எளிய முடிவை இக்காட்சி அமைதியாக மறுக்கிறது.

கண்ணாடித் துண்டால் கதிரொளியைத் தந்தையின் முதுகில் வேலு பாய்ச்சும் காட்சி தனியே குறிப்பிடத்தக்கது. சுட்டெரிக்கும் ஞாயிறே சிறுவன் கையில் கருவியாகிறது. அடிக்கத் திருப்பி அடிக்க இயலாதவன் ஒளியால் சீண்டுகிறான். விளையாட்டும் வஞ்சமும் பிரித்தறிய முடியாமல் கலந்த அச்செயல் படத்தின் அழகிய காட்சிகளுள் ஒன்று. அழகும் உணர்வும் வேறுவேறல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தலைப்புக்குரிய கல்லும் இவ்வாறே பொருள் பெறுகிறது. தாகம் தெரியாதிருக்க வேலு கூழாங்கல்லை வாயிலிட்டுக்கொள்கிறான். வீடு சேர்ந்தபின் அதை எடுத்து வைக்கும் இடத்தில், அதுபோன்ற கற்கள் முன்பே பல உள்ளன. இவ்வளவு நேரமும் ஒரு நாளின் நிகழ்வாகக் கண்டது பலமுறை நிகழ்ந்ததன் ஒருமுறை என்பது அக்கணத்தில் தெரியவருகிறது. உரையாடலோ பின்னோக்குக் காட்சியோ இன்றி, ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வரலாறு ஒரு பிடிக் கற்களில் அடங்கிவிடுகிறது. கருப்பொருள் இங்கு உரிப்பொருளின் கணக்கேடாகிறது.

மரபிலிருந்து விலகும் இடங்கள்

பழந்தமிழ்க் கோட்பாட்டை இக்காலப் படைப்பின்மேல் பொருத்தும்போது ஒற்றுமைகளை மட்டும் திரட்டுவது ஆய்வாகாது. அகப்பாலையில் ஆண் பொருள்வயின் பிரிகிறான், பெண் ஆற்றியிருக்கிறாள். அல்லது இருவரும் உடன்போக்கில் செல்ல, செவிலி தேடிப் பின்செல்கிறாள். இவ்விரு நிலையிலும் அன்பே பிரிவிற்குப் பொருள் தருகிறது. ‘கூழாங்கல்’ காட்டும் பிரிவில் பெண் தன்னைக் காத்துக்கொள்ளப் பிரிகிறாள். தேடிச் செல்பவனிடம் அன்பில்லை, உடைமையுணர்வே உள்ளது. அவன் சென்று சேரும் முன்பே அவள் தன் விருப்பில் புறப்பட்டுவிட்டாள் என்பதால் அவன் பயணமே பொருளற்றதாகிறது. ஆற்றியிருத்தலைக் கற்பாகப் போற்றும் மரபிற்கு இப்படம் மறுமொழி கூறுகிறது.

இவ்விலகல் படத்தின் இறுதியில் தெளிவாகிறது. சினமும் நடையும் ஓய்ந்தபின், கேமரா ஊற்றுக்குழியில் நீர் எடுக்கும் பெண்களிடம் செல்கிறது. சிறிது சிறிதாக ஊறும் நீரை அவர்கள் முறைவைத்துக் காத்திருந்து மொள்கின்றனர். கணபதியின் வேகத்திற்கு நேர்மாறான மந்தகதி அது. படம் முழுவதும் ஆணின் பின்னால் ஓடிய கேமரா இங்கு அசையாது நிற்கிறது. குடும்பத்தைத் தாங்குவது உரத்த சினம் அன்று, கண்ணுக்குப் படாத இவ்வுழைப்பே என்பதைச் சட்டகத்தின் அமைதி சொல்கிறது. சாந்தியின் முகத்தை முன்னிறுத்தாத படம், அவள் வாழ்வின் வடிவத்தை இக்காட்சியில் முன்னிறுத்துகிறது.

வறுமையின் அழகியல் குறித்த ஐயம்

வறண்ட நிலத்தையும் எளியோர் வாழ்வையும் அழகாகப் படமாக்குவது பன்னாட்டு விழாக்களின் சுவைக்கு வறுமையை விற்பதாகாதா என்னும் வினா இத்தகைய படங்களின்மேல் எழுப்பப்படுகிறது. இவ்வினாவைப் புறந்தள்ள இயலாது. அழகு எதை மறைக்கிறது, எதைக் காட்டுகிறது என்பதே இதற்கான உரைகல். துன்பத்தின் காரணத்தை மறைத்துத் தோற்றத்தை மட்டும் ஒளியூட்டும் அழகு பொய்யானது. ‘கூழாங்கல்’ கொடுமையைக் கொடுமையாகவே காட்டுகிறது. இறுதியில் கணபதியைத் திருத்திக் காட்டி ஆறுதல் தரவில்லை. பார்வையாளரிடம் கண்ணீர் கேட்கவும் இல்லை. எனினும், மேலிருந்து காணும் சில வான்வழிக் காட்சிகள் வேலுவின் பார்வைக்கு எட்டாதவை என்பதையும், அவ்விடங்களில் படம் சிறிது நேரம் தன் மாந்தரை விட்டு விலகுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பாலை ஒரு நிலத்தின் பெயராக அன்றி ஒரு நிலையின் பெயராகக் கொள்ளப்படும்போது, ‘கூழாங்கல்’ காட்டும் வெயிலும் இல்லறத் திரிபும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

2. முதுகைப் பின்தொடரும் சட்டகம், சேய்மைக் காட்சி, நெடுங்காட்சி, இசைச் சிக்கனம் ஆகியவை உணர்வை மிகைப்படாது காக்கின்றன. உணர்வின் வாய்மை இவ்வடிவத் தெரிவுகளால் விளைவது.

3. வெகுளியும் இளிவரலும் தந்தையிடத்தும், அச்சமும் சிறியவற்றால் பிறக்கும் மருட்கையும் மகனிடத்தும் நிலைகொள்கின்றன. படத்தின் பரிவு மருட்கையின் பக்கம் உள்ளது.

4. நாய்க்குட்டி, எலி பிடிக்கும் குடும்பம், கூழாங்கல் ஆகியவை இறைச்சியைப் போல் காட்சிக்குப் புறத்தே பொருள் தருகின்றன.

5. பிரிவின் முன்முயற்சியைப் பெண்ணுக்கு அளிப்பதில் இப்படம் அகப்பாலை மரபிலிருந்து தெளிவாக விலகுகிறது.

வினோத்ராஜின் அடுத்த படமாகிய ‘கொட்டுக்காளி’யும் (2024) ஒரு குடும்பத்தின் ஒருநாள் பயணத்தையே பொருளாகக் கொண்டு, பின்னணி இசையை முற்றிலும் தவிர்த்துள்ளது. இரு படங்களையும் ஒப்பிட்டு, பயணம் என்னும் வடிவம் பெண்ணின் மௌனத்தை எவ்வாறு பேசவைக்கிறது என ஆராய்வது இவ்வாய்வின் தொடர்ச்சியாக அமையும்.

வாயில் அடக்கிய கல் தாகத்தைத் தணிப்பதில்லை. தாங்கிக்கொள்ள மட்டுமே உதவுகிறது. ‘கூழாங்கல்’ தன் பார்வையாளர்க்கும் அதற்கு மேல் எதையும் உறுதியளிக்கவில்லை. அதன் நேர்மை அங்கேயே உள்ளது.